பேர் கூப்பிட்டு முடிகிற வரை

எங்கள் லயத்தில் எல்லாமே சாகும். டார்ச் லைட்டில் பேட்டரி செத்துப்போகும். காய்ச்சல் விட்ட மறுநாள் நாக்கு செத்துப்போகும். ஏலக்காட்டிலிருந்து சாயங்காலம் திரும்புகிற பெண்கள் வாசலில் கூடையை இறக்கிவைத்துவிட்டு "செத்தேன்டி" என்று சொல்லிக்கொண்டே உட்காருவார்கள். உட்கார்ந்ததும் யாராவது கங்காணியைப் போல நடந்து காட்டுவாள்; அதற்குச் சிரித்துச் சிரித்துச் சாவார்கள். காலில் அட்டை ஏறியிருப்பதைப் பார்த்தால் பயத்தில் செத்தே போவார்கள். பிள்ளை பெற்றவள் செத்துப் பிழைத்தவள். கூடப்பிறந்தவளோடு சண்டை வந்தால் "அவ எனக்குச் செத்துட்டா" என்று மண்ணை வாரித் தூற்றுவார்கள். கிறிஸ்துமஸுக்கு அந்தச் செத்தவள் முறுக்கு டப்பாவோடு வந்து நிற்பாள்.

ஒரு நாளைக்கு இருபது தடவை செத்த அந்தப் பெண்களுக்கு, நிஜமாகவே வீட்டில் ஒருவர் செத்தால் மட்டும் அதை வாய்விட்டுச் சொல்ல உரிமை கிடையாது. மணி பார்க்க வேண்டும்.

கேரள மலையில் வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலத்தோட்டத்து லயம் அது; கூலியாட்களுக்குத் தோட்டம் கொடுத்த நாற்பது வரிசை வீடுகள். காலை ஏழரைக்கு ஏலக்காய் ஸ்டோர் முற்றத்தில் கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுவார். பேர் கூப்பிட்டால்தான் அன்றைக்கு வேலை. அதற்கு முன்னால் லயத்திலிருந்து அழுகைச் சத்தம் கேட்டால், சாவு விழுந்த நாள் என்று எல்லோரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நாற்பது வீட்டுக்கும் அன்றைக்குப் பேர் இல்லை. பேர் கூப்பிட்டு முடிந்த பிறகு சத்தம் கேட்டால், வேலையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாலும் அரை நாள் கூலி உண்டு. இதை யாரும் நோட்டீஸ் அடித்து ஒட்டவில்லை. ஒட்டியிருந்தாலாவது அதைக் கிழித்துப் போட்டிருக்கலாம். எங்கள் பெண்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் கண்டுபிடித்திருந்தார்கள். விடியற்காலையில் யாராவது இறந்தால் கதவைச் சாத்தி, உடம்பைப் போர்வையால் மூடி, அடுப்பைப் பற்றவைத்து, வாயைக் கட்டிக்கொண்டு இருப்பது. ஏழரை தாண்டுகிற வரை அந்த மனிதர் சாகாமல் இருப்பார். அதன் பிறகு சாவார்.

வெளியாட்களிடம் இதைச் சொன்னால் "ஐயோ பாவம்" என்கிறார்கள். அந்த ஐயோ பாவம் எனக்குப் பிடிக்காது. எனக்கு வருவது கோபம். அந்தக் கோபம் தோட்டத்துக்காரர்கள் மேல்தான் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் பத்து வயதுப் பெண்ணுக்குத் தோட்டத்துக்காரர்கள் எட்டாத உயரத்தில் இருந்தார்கள். கைக்கு எட்டினது அம்மாதான். முப்பது வருடம் அவள்மேலேயே கோபப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அப்பா மருந்து அடிக்கிறவர். ஏலச்செடிக்கு அடிக்கிற விஷத்துக்கு எங்கள் பக்கம் மருந்து என்றுதான் பெயர். முதுகில் பம்பு, மூக்கில் ஒரு துண்டு, காலில் செருப்பு. அவ்வளவுதான் பாதுகாப்பு. ஆடி மழை நடுவில் கொஞ்சம் விட்டிருந்தது. மறுபடி பிடித்துக்கொள்வதற்குள் முடித்துவிட வேண்டும் என்று மேனேஜர் சொன்னதால், இரண்டு நாள் விடாமல் அடித்தார்கள். இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா வீட்டுக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அம்மா குளிக்கச் சொன்னாள்.

"செத்துப்போய் வந்துருக்கேன், படுக்க விடு" என்று அப்படியே சாய்ந்தார்.

அவர் சொன்னதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினமும் எல்லோரும் சொல்வதுதானே. கொஞ்ச நேரத்தில் வாந்தி எடுத்தார். வாயிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டே இருந்தது. அந்தக் குளிரிலும் வேர்த்தது. அம்மா தைலம் தேய்த்துவிட்டாள், சுக்குக் காப்பி கொடுத்தாள். தோட்டத்து டிஸ்பென்சரி நான்கு மணிக்கே பூட்டிவிடும். ஜீப் மேனேஜர் பங்களாவில் நிற்கும். அதைக் கேட்டு வாங்குகிற தைரியம் எங்கள் வரிசையில் ஒருவருக்கும் இல்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று எல்லோரும் படுத்தோம்.

குசுகுசுவென்று பேச்சுச் சத்தம் கேட்டு விழித்தேன். பக்கத்து வீட்டு அத்தை அப்பாவின் தலைமாட்டில் குந்தியிருந்தாள். சொந்தமில்லை, ஆனாலும் அத்தை. லயத்தில் பிரசவம், சாவு இரண்டுக்கும் அவளைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அப்பாவின் மூக்குக்குக் கீழே இரண்டு விரலை வைத்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சிருச்சுத்தா, செத்துட்டாக" என்று மெதுவாகச் சொன்னாள். அம்மா வாயைத் திறந்தாள். சத்தம் வருவதற்குள் அத்தை அம்மாவின் முந்தானையைச் சுருட்டி அவள் வாயிலேயே திணித்துவிட்டாள்.

"கத்தாத தாயி. மணி அஞ்சுதான் ஆகுது. நாப்பது வீட்டுப் பொழப்பு."

அம்மா தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை நான் பார்த்தேன். ஆனால் பாதித் தூக்கத்தில் அத்தை சொன்னது எனக்கு அப்போது விளங்கவில்லை. எழுந்து உட்கார்ந்து, அப்பாவுக்கு என்ன என்று கேட்டேன்.

"அசந்து தூங்குறாக. நீ போயித் தண்ணி புடிச்சுட்டு வா" என்றாள் அத்தை.

போனேன். குழாயடியில் என் முறை வருகிற வரை நின்றேன். தண்ணீரை இறக்கிவைத்துவிட்டு, அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்து பால் விடாத கட்டன் காப்பி குடித்தேன். போர்வைக்கு மேலே அவர் காலைத் தொட்டதற்கு அம்மா என் கையைத் தட்டிவிட்டாள். ஏழரைக்கு அவள் கதவோரம் போய் நின்று காதைக் கொடுத்தாள். கணக்கப்பிள்ளையின் குரல் லயம் வரை கேட்கும். அப்பாவின் பேரும் வந்தது. யாரோ "காய்ச்சல்" என்று பதில் சொன்னார்கள். கடைசிப் பேர் முடிந்தது. அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்து அலறினாள். நாற்பது வீட்டுக்கும் அப்பா செத்தது தெரிந்த அதே நேரத்தில்தான் எனக்கும் தெரிந்தது.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. ஒன்பது மணிக்கு மேல் குளிப்பாட்டினார்கள். மேனேஜர் ஜீப்பில் வந்து ஒரு மாலையைப் போட்டார். "ஹார்ட்டா இருக்கும்" என்றார். அவர் டாக்டரா? இல்லை. ஆனால் அவர் ஹார்ட் என்று சொன்ன பிறகு வேறு டாக்டர் வேண்டியிருக்கவில்லை. உபதேசியார் ஜெபம் சொன்னார்; அவர் வாயில் அப்பா சாகவில்லை, ஆண்டவருக்குள் நித்திரை அடைந்தார். நான்கு மணிக்குள் கல்லறைத்தோட்டத்தில் இறக்கி மண் போட்டாயிற்று. மருந்து என்ற வார்த்தையை ஒரு நாக்குகூட எடுக்கவில்லை. மறுநாள் அப்பாவின் பம்பை வேறொருவர் முதுகில் மாட்டிக்கொண்டு போனார்.

வளர வளர அம்மாவைக் குத்துவதற்கு எனக்கு அந்த ஒரு காலைநேரம் போதுமானதாக இருந்தது. எதற்குச் சண்டை வந்தாலும் அங்கேதான் போய் முடிப்பேன். "நான் செத்தாலும் நீ மணி பாத்துட்டுத்தான் அழுவே" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். பதினாறு வயது அப்போது. அம்மா குனிந்து அரிசி களைந்துகொண்டே இருந்தாள். அதுவும் எனக்குக் கோபத்தைத்தான் கூட்டியது. சொரணை செத்தவள் என்று மனதுக்குள் திட்டினேன்.

நர்சிங் படிக்கப் பாலக்காட்டுப் பக்கம் வந்தேன். விடுதியில் முதல் வாரம் அறைத்தோழி, அவள் மலையாளி, அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டாள். செத்துட்டார் என்றேன். அவள் முகம் சுளித்தது.

"அங்ஙனெ பறயல்லே. சத்து என்னு பறயுன்னது பசுவினும் பட்டிக்குமாணு. மரிச்சு என்னு பறய்."

மாட்டுக்கும் நாய்க்கும் சொல்கிற வார்த்தையாம்; மனிதருக்கு மரித்தார் என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் ஊரில் மனிதர்களும் சாவார்கள் என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் அவளோடு பேசாமல் இருந்தேன். அவள் நல்ல பெண், பாவம். ஆனால் எங்கள் லயத்தில் மாடு செத்தால்கூட உடனே சத்தம் போட்டு அழலாம் என்பது அவளுக்குத் தெரியாது.

இரண்டாம் வருடம் அவசரப் பிரிவில் போட்டிருந்தார்கள். ஒரு காலையில் பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கத்திலிருந்து ஆட்டோவில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நெல்வயலில் மருந்து அடிக்கிறவர். முகத்தை அதற்குள் துண்டால் மூடியிருந்தார்கள்.

"தவறிட்டாருங்க. டாக்டரு பாத்து ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுத்தாப் போதுமுங்க" என்றார் கூட வந்த அண்ணன்காரர்.

டியூட்டி டாக்டர் சின்ன வயதுப் பெண். துண்டை எடுத்தார். வாயோரம் எச்சில், நெற்றியெல்லாம் வேர்வை, கண்மணி குண்டூசித் தலை அளவுக்குச் சுருங்கியிருந்தது. ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சில் வைத்தவர் எடுக்கவே இல்லை. ஒரு நிமிடம் முழுதாக வைத்திருந்தார். பிறகு, உயிர் இருக்கிறது என்று கத்தினார். எல்லோரும் ஓடினோம். மூச்சுக்குக் குழாய் போட்டு, ஊசிமேல் ஊசியாகப் போட்டோம். நான்காம் நாள் அந்த மனிதர் எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டார்.

"செத்துப் பொழைச்சேனுங்க" என்று சிரித்தார். வார்டே சிரித்தது.

நான் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். அந்த எச்சிலை, அந்த வேர்வையை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எங்கள் வீட்டில் டாக்டரும் இல்லை, ஸ்டெதாஸ்கோப்பும் இல்லை. இருந்தது அத்தையின் இரண்டு விரல். காலமெல்லாம் காய் பறித்துக் கறை ஏறி, தோல் தடித்து, அடுப்பிலிருந்து கங்கு எடுத்தால்கூடச் சுடாத விரல்கள். நூல்போல ஓடுகிற மூச்சு அந்த விரல்களுக்கு எப்படித் தெரியும்? ஐந்து மணிக்கு அப்பா நிஜமாகவே செத்திருந்தாரா? அப்போதே அம்மா கத்தியிருந்தால் லயம் கூடியிருக்கும். மேனேஜர் வந்திருப்பார். ஜீப் வந்திருக்கும். யாராவது ஒருவர் உற்றுப் பார்த்திருப்பார்கள். அந்த இரண்டரை மணி நேரம் அவர் போர்வைக்குள் உயிரோடு கிடந்தாரா? நான் கட்டன் காப்பி குடித்தபோது?

இந்தக் கேள்வியை நான் யாரிடமும் கேட்கவில்லை. அம்மாவிடம் கேட்க வாய் வரைக்கும் வந்து வந்து திரும்பிப் போகும். விடுமுறைக்கு ஊருக்குப் போவதைக் குறைத்தேன். போனாலும் ஒரு நாளுக்குமேல் தங்க மாட்டேன். அவள் ஆக்கிப் போடுகிற சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டே, இவள்தான் விட்டாள், இவள்தான் சாகவிட்டாள் என்று நினைத்துக்கொண்டிருப்பேன். இது மகள் நினைக்கிற நினைப்பா என்று கேட்டால், ஆமாம். நான் நினைத்தேன்.

இப்போது பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசுகிற எலப்புள்ளிப் பக்கம் குடியிருக்கிறேன். படுக்கையில் கிடக்கும் நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற பாலியேட்டிவ் நர்ஸ் வேலை. நல்லேப்பிள்ளி வரைக்கும் வீடுகள் உண்டு. இங்கே யாரும் சாவதில்லை, தவறிவிடுகிறார்கள், போய்ச்சேர்ந்துவிடுகிறார்கள். ஆனால் கொசு இவர்களைச் சாகடிக்கும், வெயில் சாகடிக்கும், பால் சொசைட்டிக்காரன் சாகடிப்பான். விடிகாலையில் போன் வரும். "ஏனுங்க சிஸ்டர், அப்பா தவறிட்டாருங்க" என்பார்கள். நான் ஒவ்வொரு தடவையும் ஒன்றையே சொல்வேன்: நெஞ்சைப் பாருங்கள், ஒரு நிமிடம் முழுதாகப் பாருங்கள், நான் வருகிற வரைக்கும் முகத்தை மூடாதீர்கள். ஒரு வீட்டில் நான் போவதற்குள் வெள்ளைத்துணி போட்டு மூடி, ஊதுபத்தி ஏற்றி வைத்திருந்தார்கள். துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டுக் கத்தினேன். அந்தப் பெரியவர் உண்மையிலேயே போயிருந்தார். எனக்கு இரக்கமே இல்லை என்று அந்த வீட்டுப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

மூன்று வருடத்துக்கு முன் அம்மாவுக்கு முட்டி இரண்டும் போய்விட்டது. வேலையை விட்டால் லயத்து வீட்டையும் விட வேண்டும். ஒரு டிரங்குப் பெட்டியோடும் மாதா படத்தோடும் என் வீட்டுக்கு வந்தாள். என் வீட்டில் அவள் சத்தமில்லாமல்தான் இருப்பாள். நானும் மருந்து கொடுப்பேன், முட்டிக்கு ஒத்தடம் கொடுப்பேன், பேச மாட்டேன். நோயாளிகளிடம் பேசுகிறதில் கால்வாசிகூட அவளிடம் பேசியிருக்க மாட்டேன்.

போன வருடம் பக்கத்து வீட்டுப் பெண்ணின் மாமனார் தவறினார். எல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, அந்த வீட்டுப் பெண் மதில் ஓரத்தில் நின்று அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். ஜன்னல் திறந்திருந்தது.

"எங்க வீட்டுக்காரருக்கு நல்ல சாவுங்க" என்றாள் அம்மா. இந்த ஊருக்கு வந்து அவளும் 'ங்க' போடப் பழகியிருந்தாள். "குளிப்பாட்டும்போதுகூட ஒடம்பு வெதுவெதுன்னு இருந்துச்சு. கையை மடக்குனா பச்சப்புள்ள கை மாதிரி மடங்குச்சு. மாதா கூடவே இருந்து கூட்டிட்டுப் போயிருக்கா."

கத்தியைக் கீழே வைத்தேன். எத்தனையோ உடம்புகளை இந்தக் கையால் குளிப்பாட்டியிருக்கிறேன். மலைக்குளிரில் ஐந்து மணிக்குப் போன உயிர் என்றால், ஒன்பது மணிக்குக் கையும் காலும் சில்லிட்டுப் போயிருக்க வேண்டும். தாடை இறுகத் தொடங்கியிருக்க வேண்டும். உறுதியாகச் சொல்ல முடியாது. போர்வை இருந்தது, அடுப்பு எரிந்தது, உடம்புக்கு உடம்பு மாறும். நோயாளி வீட்டில் யாராவது கேட்டால் இப்படித்தான் நானும் நிதானமாகச் சொல்வேன். ஆனால் அடுப்படியில் நின்ற எனக்கு நிதானம் இல்லை. வெட்டிய பீன்ஸைத் தட்டோடு தொட்டியில் கொட்டினேன். எந்த உண்மை இருபது வருடமாக என்னைத் தின்றதோ, அதை இவள் மதில்மேல் சாய்ந்துகொண்டு பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

அவள் உள்ளே வந்தபோது என் முகத்தைப் பார்த்தாள்.  ஒரு வாரம் ஒரு வார்த்தை பேசவில்லை. தட்டை நங்கென்று வைப்பேன், மாத்திரையை மேசைமேல் வீசுவேன். ஆஸ்பத்திரியில் ஒரு நோயாளியிடம் இப்படி நடந்திருந்தால் என்னை வேலையைவிட்டு அனுப்பியிருப்பார்கள்.

ஞாயிற்றுக்கிழமை கோயிலிலிருந்து வந்து, சேலைகூட மாற்றாமல் கட்டிலில் உட்கார்ந்தாள். பத்து மணி இருக்கும். நான் யூனிஃபார்ம் மடித்துக்கொண்டிருந்தேன்.

"போன்ல எல்லார்ட்டயும் ஒரு நிமிசம் முழுசாப் பாருங்கன்னு சொல்லுறியே" என்றாள்.

"ஆமா."

"நாங்க பாக்கலயே."

நான் மடிப்பதை நிறுத்தவில்லை. கை தானாக மடித்துக்கொண்டிருந்தது.

"அத்தை வெரல வச்சுப் பாத்தா. நான் அதுகூடப் பாக்கல. வாயில சேலைய வச்சுக்கிட்டு கடிகாரத்தத்தான் பாத்துக்கிட்டு கெடந்தேன்." கொஞ்ச நேரம் முட்டியைத் தேய்த்தாள். "அன்னைக்கி உள்ள வந்தப்ப ஒம் மொகத்தப் பாத்தேன். அப்பவே எனக்குத் தெரியும், நான் என்னமோ சொல்லக்கூடாதத சொல்லிட்டேன்னு. நீ படிச்சவ. சொல்லு. அஞ்சு மணிக்கி உங்கப்பா செத்துட்டாகளா, இல்ல நாங்கதான்..."

முந்தானையை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

இந்தக் கேள்விக்காக எத்தனை வருடம் காத்திருந்தேன். என்ன சொல்ல வேண்டும் என்று வார்த்தை வார்த்தையாகத் தயார் செய்து வைத்திருந்தேன். பஸ்ஸில் சொல்லிப் பார்த்திருக்கிறேன், குளிக்கும்போது சொல்லிப் பார்த்திருக்கிறேன். சொல்லியிருக்கலாம். ஆனால் கட்டிலில் உட்கார்ந்திருந்தது வீங்கின முட்டியோடு ஒரு கிழவி மட்டும்தான். இரண்டு நாள் விடாமல் மருந்து அடிக்கச் சொன்ன மேனேஜர் அந்த அறையில் இல்லை. ஹார்ட் என்று சொல்லி மாலை போட்ட அவர் கை அங்கே இல்லை. நான்கு மணிக்கு டிஸ்பென்சரியைப் பூட்டினவன் இல்லை. அழுதால் பேர் கிடையாது என்று சட்டம் வைத்த தோட்டத்துக்காரர்கள் யாரும் இல்லை. என்னிடம் இருக்கிற உண்மையைத் தூக்கி எறிந்தால் அது இவள் ஒருத்தி மேல்தான் விழும். அவர்களில் ஒருவர்கூட இந்தக் கேள்வியோடு ஒரு நாளும் தூக்கம் கெட்டிருக்க மாட்டார்கள். எனக்கு அந்த நிமிடம் கோபம் வந்தது. முதல் தடவையாக அது அம்மா மேல் வந்த கோபம் இல்லை.

"செத்துட்டாரும்மா" என்றேன். "அத்தை பாத்தப்பவே செத்துட்டார்."

"வெதுவெதுன்னு இருந்தாகளே."

"போர்வை போட்டிருந்தீங்க. பக்கத்துலயே அடுப்பு எரிஞ்சுது. அப்படித்தான் இருக்கும். நான் தினம் பாக்குறேன்ல?"

அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. "சரித்தா" என்று சொல்லிவிட்டு, கட்டிலின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்து சேலை மாற்றப் போனாள்.

எத்தனையோ வீடுகளில், எத்தனையோ பேருக்கு இந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறேன். நெஞ்சைப் பார்க்காமல், நாடி பிடிக்காமல், ஒரு மனிதர் செத்துவிட்டார் என்று நான் சொன்னது என் அப்பாவை மட்டும்தான்.